மண்டலம் முடியட்டும்

டாக்டர் சபீனா சரியாக விளக்கிச் சொல்லவில்லை என்று ஒருவரும் பழி போட முடியாது. தில்லைநகர் கிளினிக்கில் வெளியே பெஞ்சு நிறைய ஆள் காத்திருந்தும், அவர் அவசரப்படாமல் உமாமகேஸ்வரிக்குப் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி சொன்னார். உமாவும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினாள். புரியாமல் ஆட்டவில்லை, நன்றாகப் புரிந்துதான் ஆட்டினாள். புரியாததுதான் பிற்பாடு நடந்ததற்குக் காரணம் என்று இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு பீரியட்ஸ் இன்னும் நிக்கல, நிக்கப் போற வழியில இருக்கு. ஹார்மோன் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் விழும். இந்தச் சூடு, தூக்கம் கெடறது, கோவம் எல்லாமே அதனாலதான்" என்றார் டாக்டர். மார்பைப் பரிசோதித்து, பிரஷர் பார்த்து, ரத்தம் உறையும் வியாதி வீட்டில் யாருக்காவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்டு, ஸ்கேனும் எடுத்துப் பார்த்த பிறகுதான் அவர் மருந்துப் பேச்சையே எடுத்தார். "இந்த ஜெல்லைத் தினம் குளிச்சுட்டு மேல் கையில தேய்ச்சுக்குங்க. காயவிட்டு ஜாக்கெட் போடுங்க. இந்த உருண்டை மாத்திரை ராத்திரி படுக்கப் போறப்ப. தூக்கம் வரும், அதனால பகல்ல வேண்டாம். மாசத்துல பாதி நாள் மட்டும் போட்டா போதும். போட்டு முடிச்சதும் பீரியட்ஸ் வரும்."

"வந்துதான் ஆகணுமாங்க?"

"வரணும். உங்க வீட்டுக்குப் பின்னாடி புல்லு வளருது இல்ல? ஜெல் அந்தப் புல்லை வளர்க்கும். மாத்திரை அதை வெட்டி வாரிவிடும். அந்த வாரிவிடறதுதான் ரத்தமா வருது. வளர்க்க மட்டும் செஞ்சு வெட்டாம விட்டா உள்ள காடாயிடும். ஜெல்லை ஒரு நாள் மறந்தாக்கூடப் பரவால்ல. மாத்திரையை விட்டுட்டு ஜெல்லை மட்டும் போடவே கூடாது. கர்ப்பப்பை இருக்கிற வரைக்கும் ரெண்டும் ஜோடி. புரியுதா?"

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவளுக்குப் புல் காடாவது என்றால் என்ன என்று தெரியாதா. மழைக்காலம் முடிந்ததும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பாம்பு வந்த பிறகுதான் வெட்ட ஆள் வருவார்கள். புரியுது என்றாள். அவளுக்குத் தொண்டைவரை வந்து நின்ற கேள்வி வேறு. கார்த்திகையில் என்ன செய்வது?

அதை அவள் கேட்கவில்லை. டாக்டரம்மா தலையில் முக்காடு போட்டிருந்தார். அவரிடம் போய், என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போடுகிறவர், அந்த ஒரு மண்டலம் வீட்டில் தீட்டு ஆகாது என்று எந்த வாயால் சொல்வது? நம் சாமி சமாசாரம் அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு எண்ணம். தெரிந்தால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். இரண்டும் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டன. கார்த்திகைக்குத்தான் இன்னும் நாள் கிடக்கிறதே என்று எழுந்து வந்துவிட்டாள்.

அவளைக் கிளினிக்வரை கொண்டுபோய்ச் சேர்த்தவை இரண்டு சம்பவங்கள்.

அவள் கணவர் சிவராமன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். வருஷம் தவறாமல் மாலை போடுகிறவர். முதல் சம்பவம் நடந்த வருஷம் பதினேழாவது மலை. மண்டல காலத்தில் மாலை போட்ட சாமிகள் பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் பூஜை செய்து சாப்பிடுவார்கள். சமையல் உமா. முதல் மாலை போட்ட நாளிலிருந்து கார்த்திகை பிறக்குமுன் சிவராமன் அவளிடம் ஒரு கேள்வி கேட்பார். "இந்த மாசம் எப்படி?" அவ்வளவுதான் கேள்வி. அவள் மெடிக்கலில் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கி விழுங்குவாள். வாங்கித் தரும் அலைச்சல்கூட அவருக்குக் கிடையாது. உடம்பும் சொன்னபடி கேட்டது, இத்தனை வருஷமும்.

அந்த வருஷம் கேட்கவில்லை. சாமிகள் கூடத்தில் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருக்க, உமா குனிந்து குனிந்து சாம்பார் ஊற்றிக்கொண்டு போனாள். திரும்பும்போது வரிசையில் முதலில் இருந்த மருதை சாமி சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அப்புறம் பக்கத்தில் இருந்தவர். அப்புறம் எல்லோரும். சேலையின் பின்பக்கம் நனைந்திருப்பதை அந்தக் கூடத்தில் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அவள்தான். பாதி இலையில் எழுந்து, சத்தமில்லாமல் கை கழுவிக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மறுநாள் விடியுமுன் சிவராமன் அத்தனை பேரையும் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போய் அம்மா மண்டபத்தில் காவிரியில் முழுகவைத்தார். உமா ஸ்ரீரங்கத்தில் இருந்த தன் அக்கா அகிலாண்டத்தின் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, சாமிகள் மலைக்குப் புறப்படும்வரை அங்கேயே கிடந்தாள்.

இரண்டாவது சம்பவம் அந்தத் தை மாதத்தில். ராத்திரித் தூக்கம் போய் வெகு நாளாகியிருந்தது. கண்ணை மூடினால் நெஞ்சிலிருந்து காதுவரை சூடு ஏறும், தலையணை நனையும், எழுந்து உட்கார்ந்தால் குளிரும். பகலில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் காரணமில்லாமல் அழுகை வரும். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அவளுக்குக் கிளார்க் வேலை. பத்து வருஷமாகக் கூப்பிட்ட பிள்ளைகளின் பெயர்களே மறந்துபோயின. ஒரு காலையில் மகள் சுபஸ்ரீ சட்னியில் உப்பில்லை என்றாள். உமாவின் கையிலிருந்த கரண்டி பறந்தது. மகளின் புருவத்துக்கு மேலே பிளந்து, தையல் போட வேண்டியதாயிற்று. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சுபஸ்ரீ பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பெற்ற தாயைப் பார்த்து அந்தப் பெண் பயந்தாள். அதை உமாவால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் விஜயராணிதான் விஷயம் கேட்டு, கையோடு டாக்டர் சபீனாவிடம் இழுத்துப்போனாள்.

ஜெல் தேய்க்க ஆரம்பித்துச் சில வாரங்களில் உமா திரும்பவும் மனுஷியானாள். ஒரு நாள் காலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிய சத்தத்தில்தான் கண் விழித்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறோம் என்பது புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. படுக்கையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சூடு தணிந்தது, பெயர்கள் திரும்பி வந்தன, மகள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டாள். சொன்னது சொன்னபடி ரத்தமும் வந்து, சொன்னது சொன்னபடி நின்றது. இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா இத்தனை காலம் வதைபட்டோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஐப்பசி வந்தது. சிவராமனுக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் தென்னங்கன்று சுமந்துபோய் மலையில் வைத்தால்தான் முழுக் குருசாமி. ஒர்க்‌ஷாப்பில் அவருடைய செக்ஷனே திரண்டு வருவதாக இருந்தது. கன்னிசாமிகள் மட்டுமே ஏழெட்டுப் பேர். லால்குடியிலிருந்து கன்றுக்குச் சொல்லிவைத்தாயிற்று. ஒரு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தபடியே சிவராமன் கேட்டார்.

"இந்த வருஷம் எப்படி?"

அவர் குரலில் அதட்டல் இல்லை. அவர் அதட்டுகிறவரும் இல்லை. போன வருஷம் நடந்ததை அவர் ஒரு தடவைகூட எடுத்துச் சொன்னதில்லை. எடுத்துச் சொல்லாத அந்தப் பெருந்தன்மைதான் உமாவின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

"கவலைப்படாதீங்க. வராது" என்றாள்.

அன்றிரவே யோசித்து முடித்துவிட்டாள். மாத்திரை போட்டு முடித்தால்தானே ரத்தம் வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டால்? ஜெல்லை மட்டும் போடவே கூடாது என்று டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. ஆனால் ஜெல்லை எப்படி விடுவது? சாமிகளுக்கு நடுவில் கரண்டி பறந்தால்? மறுபடியும் அந்தத் தூக்கமில்லாத ராத்திரிகளா? அது முடியாது. ஒரு மண்டலம்தான். ஒரு மண்டலத்தில் என்ன பெரிய காடு வளர்ந்துவிடும்? முடியட்டும், தையில் டாக்டர் சொன்னபடி எல்லாம் செய்வோம். வருஷா வருஷம் பஞ்சாங்கத்தைப் பார்த்து மாத்திரை விழுங்கிப் பழகியவள் அவள். இந்த மாத்திரையையும் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டதாகவே நினைத்துவிட்டாள்.

அந்த வருஷம் மண்டலம் அவள் நினைத்தபடியே நடந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. விடியுமுன் குளித்து, கோலம் போட்டு, வேலைக்குப் போய் வந்து, சாயங்காலம் அத்தனை பேருக்கும் சமைத்துப் பரிமாறினாள். போன வருஷம் கண்ணைத் தாழ்த்திய மருதை சாமி, ஒர்க்‌ஷாப்பில் சிவராமனுக்கு மூத்தவர், இந்த வருஷம் ஏப்பம் விட்டபடி, "சாட்சாத் அன்னபூரணிம்மா நீ" என்றார். உமாவுக்குக் காது குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அந்தச் சொல்லுக்காக அவள் ஒரு வருஷம் ஏங்கிக் கிடந்தாள். சிவராமன் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றியதும் அரவணை டப்பாவை அவள் கையில் கொடுத்து, "எல்லாம் உன்னாலதான் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

தையில் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாளா? இல்லை. முழுக் குருசாமி ஆனதால் மாதா மாதம் முதல் தேதி வீட்டில் பூஜை வைக்கலாம் என்றார் சிவராமன். மாசி பிறக்கட்டும் என்றாள். மாசியில் அக்கா வீட்டு விசேஷம். பங்குனியில் உத்திரம். சித்திரையில் சமயபுரம். தமிழ்நாட்டில் ஒரு பெண் ரத்தம் சிந்துவதற்குத் தோதான மாதம் எது என்று யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் தேவலை. அதோடு, பஸ்ஸில் பயமில்லாமல் உட்கார்வதும், துணி அலசும் வேலை இல்லாததும், வயிறு வலிக்காததும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. டாக்டர் வரச்சொன்ன செக்கப்புக்குப் போகவில்லை. போனால் மாத்திரையைப் பற்றிக் கேட்பாரே. காலி டியூபைக் காட்டினால் மெடிக்கலில் புது டியூப் எடுத்துக் கொடுத்தார்கள். இதற்கு ஜோடி ஒன்று உண்டே, அது எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் லேசாகக் கறை பட்டது. நிற்கப் போகிற வயதில் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த கார்த்திகை முதல் தேதி. சிவராமன் அம்மா மண்டபத்தில் முழுகி மாலை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தபோது உமாவுக்குத் தொடையில் சூடாக இறங்கியது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அந்தக் கூடமும், பாதி இலையில் எழுந்தவர்களும் கண்முன் வந்தார்கள். அவள் தட்டைச் சுற்றினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது நிற்கவே இல்லை. சில நாள் கசிவு, சில நாள் கட்டி கட்டியாக. அடர்ந்த நிறச் சேலைகளாக எடுத்துக் கட்டினாள். நாப்கினைப் பையில் சுருட்டிக் கொண்டுபோய் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் போட்டாள். வீட்டுக் குப்பையில் சுபஸ்ரீ பார்த்துவிட்டால் கேட்பாள். சாயங்காலமானால் அடுப்பைப் பற்றவைத்தாள். ஒவ்வொரு நாளும் அரிசியைக் களையும்போது, "ஐயப்பா, நான் உன்னை ஏமாத்தல, இவங்களைத்தான் ஏமாத்தறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் நிஜமாகவே பயந்தாள். மலையில் யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் தன்னால்தான் என்று நடுங்கினாள். ஆனால் உண்மையைச் சொல்வதை நினைத்தால் அதைவிட அதிகமாக நடுங்கினாள். மண்டலம் முடியட்டும். முடிந்ததும் ஓடிப்போய் டாக்டரைப் பார்த்துவிடலாம்.

மார்கழி பிறந்ததும் பள்ளிக்கூட ஆபீசில் மயங்கி விழுந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தவளை விஜயராணி ஆட்டோவில் போட்டு, காவிரிப் பாலம் தாண்டித் தில்லைநகருக்குக் கொண்டுபோனாள். டாக்டர் சபீனா ஸ்கேனில் பார்த்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், உள்ளே இருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, விஜயராணியை வைத்துக்கொண்டு, சரியாகப் போடவில்லை என்று மென்று விழுங்கினாள் உமா. "ரிசல்ட் வர்றப்ப வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். வீட்டில் ரத்தசோகை என்று சொல்லி மழுப்பிவிட்டாள். அன்று சாயங்காலமும் சமைத்தாள்.

ரிசல்ட் வந்த அன்று சிவராமன் செருப்பில்லாத காலும் கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். மாலை போட்ட நாளிலிருந்து அவள் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கர்ப்பப்பையோட உள்தோல் ரொம்பத் தடிச்சுப் போயிருக்கு. ஒரு இடத்துல கேன்சரா மாறியிருக்கு. கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் சீக்கிரமா எடுத்துடணும். எவ்வளவு ஆழம் போயிருக்குங்கறது எடுத்துப் பார்த்த அப்புறம்தான் சொல்ல முடியும்."

சிவராமனின் கைகள் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தன. "காப்பாத்திடலாமாங்க?" என்றார். குரல் உடைந்துபோய் வந்தது.

"முயற்சி பண்ணுவோம். ஆரம்பத்துலயே வந்திருந்தா இதைவிடத் தைரியமா சொல்லியிருப்பேன்." டாக்டர் உமாவின் பக்கம் திரும்பினார். "ஜெல்லை இன்னியோட நிறுத்திடுங்க. அப்புறம், அன்னிக்கு நீங்க சரியா சொல்லல. இந்த ரத்தப்போக்கு எப்பலேருந்து? மறைக்காம சொல்லுங்க."

உமா புருஷனைப் பார்த்தாள். அப்புறம் மேஜையைப் பார்த்தாள்.

"கார்த்திகை ஒண்ணாந் தேதியிலேருந்து" என்றாள். "விடவே இல்லைங்க."

சிவராமனின் கை கைப்பிடியை விட்டது. விட்டு, மேலே ஏறி, மாலையைப் பிடித்தது.

கேன்சர் என்ற சொல்லைக் கேட்டு நாற்காலியைப் பிடித்த கை, இதைக் கேட்டதும் மாலைக்குப் போயிற்று. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. சுட்டால் கை இழுத்துக்கொள்வதுபோல அது தானாகப் போயிற்று. வேண்டுமென்று செய்திருந்தால் உமா சண்டை போட்டிருப்பாள். தானாகப் போன கையோடு என்ன சண்டை போடுவது? அடுத்த நிமிஷமே அவர் வெட்கப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அதையும் அவள் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார் டாக்டர்.

"யாரும் சொல்லலீங்க. நானேதான்."

"ஏன்?"

"இவங்க மாலை போடுவாங்க. ஒரு மண்டலம் வீட்டுல ஆகக் கூடாது. அதான் நிறுத்தினேன். அப்புறம் அப்படியே விட்டுட்டேன்."

டாக்டர் சபீனா பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஒரு சின்னச் சாதனம் இருக்கு. இந்த மாத்திரை செய்யற வேலையை அது உள்ளேயே இருந்து செஞ்சுடும். கொஞ்ச மாசத்துல நிறையப் பேருக்கு ரத்தமே வராம நின்னுடும். ஜெல்லையும் நிம்மதியா போட்டுக்கிட்டு இருந்திருக்கலாம்." அவர் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "நோன்பு மாசம் வந்தா எங்க வீட்டுப் பொண்ணுங்களே தேதியைத் தள்ளிப்போட முடியுமாங்கற இந்தக் கேள்வியோடதாங்க வந்து உக்காருவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்தாள். முக்காட்டைப் பார்த்து, இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். ஒரு வார்த்தை. அவளுக்குத் தொண்டைவரை வந்து நின்ற அந்த ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் தூக்கமும் இருந்திருக்கும், சமையலும் நடந்திருக்கும், சாமியும் மலைக்குப் போயிருப்பார், அவளும் நல்லபடியாக இருந்திருப்பாள். உமாவுக்கு அழுகை வரவில்லை. ஜெல் இல்லாமல் அந்தப் பழைய சூடும், அந்தப் பழைய கரண்டியும் திரும்பி வரப் போகின்றன என்ற நினைப்புதான் வந்து உட்கார்ந்தது.

கிளினிக் படியில் இறங்கி, நிறுத்தியிருந்த வண்டிப் பக்கத்தில் சிவராமன் நின்றார். சாவியை எடுக்கவில்லை.

"நீ ஒரு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போ" என்றார். "நான் அம்மா மண்டபம் போயி முழுகிட்டு வந்துடறேன்."

"இப்பவா சாமி?"

அவர் அவளைத் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தீட்டோட நின்னு உனக்காக எப்படி உமா வேண்டிக்கிறது?"

மாலை போட்ட பிறகு அன்றுதான் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் ஒரு சொல்கூடப் பொய்யாகச் சொல்லவில்லை. காவிரியில் முழுகினால் அவள் பிழைப்பாள் என்று அந்த மனுஷர் மனப்பூர்வமாக நம்பினார். முழுகாமல் கேட்டால் ஐயப்பன் செவிசாய்க்க மாட்டான் என்றும் நம்பினார். வண்டி ஸ்ரீரங்கம் போகும் பக்கமாகத் திரும்பி மறையும்வரை உமா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆட்டோ ஏறினாள். சீட்டில் கறை படுமோ என்று பயந்து, பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் பொன்மலைவரை வந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. சுபஸ்ரீ காலேஜிலிருந்து வர நேரம் கிடந்தது. ஃப்ரிட்ஜ் மேல் பாதி தீர்ந்த ஜெல் டியூப் இருந்தது. அலமாரியில் சேலைகளுக்கு அடியில் அந்த உருண்டை மாத்திரை டப்பா, போன வருஷம் ஐப்பசியில் எப்படி வைத்தாளோ அப்படியே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். தேதி தீர்ந்துபோயிருந்தது. திரும்பவும் உள்ளேயே வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் அடுப்படிக்குப் போய் அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டாள். தண்ணீர் ஊற்றப் போன கை நின்றது. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து, சாமி படத்துக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சாமிகள் வந்தார்கள். முன்னால் மருதை சாமி. "சாமி சரணம்மா" என்று வாசலில் கால் கழுவிவிட்டு நிமிர்ந்தவர், விளக்கு ஏற்றாத கூடத்தையும் நடுவில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்து நின்றார்.

"குருசாமி இல்லைங்களா?"

"இப்ப வந்துடுவாங்க. உள்ள வராதீங்க சாமி. நான் தூரமா இருக்கேன்" என்றாள் உமா.

மருதை சாமி சட்டென்று ஓரடி பின்வாங்கினார். பின்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். "அதுக்கென்னம்மா, நாங்க வேற இடத்துல பார்த்துக்கறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார் மருதை. நல்ல மனுஷர்தான். படியிறங்கத் திரும்பினார்.

"இன்னிக்கு இல்ல சாமி. கார்த்திகை ஒண்ணாந் தேதியிலேருந்து."

குவார்ட்டர்ஸில் எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேன்சர் சாமி என்று சொல்ல உமா வாயெடுத்தாள். யாராவது ஒருவர், ஏம்மா, உடம்புக்கு என்ன என்று கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் ரத்தம் போகிறது என்று இதோ சொல்லியாயிற்றே, ஒருவருக்காவது அது தோன்றாதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் சோற்றைத் தினமும் தின்ற முகங்கள். எல்லா முகத்திலும் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மருதை சாமிதான் கடைசியில் கேட்டார். "அப்போ, நாங்க இத்தனை நாளு சாப்பிட்டதெல்லாம்?"

"நான் சமைச்சதுதான் சாமி."

அவர்களின் கைகளும் மாலைக்குப் போயின. உமா எதிர்பார்த்ததுதான். ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள். வெறுங்கால்கள், சத்தமே இல்லை. வெளியே வண்டிகள் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் எழுந்து விளக்கை ஏற்றினாள். நெஞ்சிலிருந்து காதுவரை சூடு ஏறியது. அது பழைய சூடா, புதுச் சூடா என்று தெரியவில்லை.

இருட்டிய பிறகு சிவராமன் வந்தார். வேட்டியில் ஈரம் இன்னும் முழுக்கக் காயவில்லை. நெற்றியில் விபூதி காய்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது. முழுகிவிட்டு வெகு நேரம் படித்துறையிலேயே உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும். வாசலிலேயே நின்று, ஆள் இல்லாத கூடத்தையும் விளக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமிங்கள்லாம் எங்க?"

"முழுகப் போயிருக்காங்க" என்றாள் உமா.